புல் வாங்குமுன் வெயிலைப் பாருங்கள்

கிள்ளானில் நாங்கள் வாங்கியது ஒரு சாதாரண வரிசை வீடு. கார் நிறுத்தியது போக, முன்னால் பத்தடி மண்தான் மிச்சம். சாவி கிடைத்த வாரமே அதில் பிலிப்பீன் புல் பதித்தேன். பாய் விரித்தாற்போல் இருந்தது. மூன்று மாதத்தில் பாதி இடம் வழுக்கை. தண்ணீரைக் கூட்டினேன், உரம் போட்டேன், இன்னும் மோசமானது.

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அம்மா, எங்களோடு தங்க வந்ததிலிருந்து வாசல் பக்கமே வருவதில்லை. தொலைக்காட்சியே கதி. அன்று வெளியே வந்து பார்த்தவர், “வெயில் எங்க விழுதுன்னு ஒரு நாளாவது நின்னு பாத்தியாய்யா?” என்றார்.

பார்த்ததில்லை. மறு ஞாயிறு இருவரும் மணிக்கொரு தரம் நிழல் ஓரத்தில் குச்சி நட்டோம். பக்கத்து வீட்டு மாமரமும் எங்கள் போர்ச் கூரையும் பாதி மண்ணை நாள் முழுக்க மறைத்தன. பிலிப்பீன் புல்லுக்கு முழு வெயில் வேண்டும். திடல்களில் நாம் பார்க்கும் அகன்ற இலை மாட்டுப்புல்லோ ஓரளவு நிழலையும் தாங்கும். நிழல் பக்கம் அதையே வைத்தோம். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. மொட்டையடித்தால் வேர் பலமிழந்து களை புகுந்துவிடும்.

வெயில் பக்கம் காகிதப்பூ. மண் காய்ந்தபின் தண்ணீர் ஊற்றினால் போதும். தாராளம் காட்டினால் இலைதான் தழைக்கும், பூ வராது.

என்னைப் படுத்தியது இட்லிப்பூ. சுவரோரம் நட்ட செடியின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. தோண்டிப் பார்த்தால் ஒரு சாண் ஆழத்தில் உடைந்த செங்கல், சிமெண்டுக் கட்டி! வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போனது. சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு மண்ணின் புளிப்புத் தன்மையைக் குறைத்துவிடும். பிறகு மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் இட்லிப்பூவால் அதை எடுக்க முடியாது. இடிபாடுகளை அள்ளி, மட்கிய உரம் கலந்த புதுமண் நிரப்பி, சுவரைவிட்டு இரண்டடி தள்ளி நட்டேன். அடுத்த தளிர் பச்சையாகவே வந்தது.

பூச்சட்டித் தட்டுகளை எல்லாம் அம்மா தூக்கி எறிந்துவிட்டார். தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுமாம். அதுவும் சரிதான்.

நல்ல வெயில் விழும் கேட்டோர மூலையை ரோஜாவுக்கென்று வைத்திருந்தேன். போன வாரம் வேலை முடிந்து வந்து பார்த்தால், அங்கே முழ உயரத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. என்னை யாரும் கேட்கவில்லை.

“இந்தப் பக்கம் புல்லு கில்லு போட்டுறாத” என்றார் அம்மா, கையில் மண்ணோடு.