காரியாலயமும் ஒரு கல்விச்சாலையே

கல்வி என்பது பள்ளிக்கூடத்து வாயிலோடு முடிந்துவிடுவதன்று. ஆயினும், பரீட்சை தேறி உத்தியோகத்தை நாடி வடநாடு வந்து சேர்ந்த நம்மவருள் பலர், அதன் பின்னர்ப் புத்தகத்தைத் தொட்டதேயில்லை. நாள்தோறும் எட்டு மணி நேரத்தைக் காரியாலயம் கொண்டுவிடுகிறது. வாழ்நாளில் இத்துணைப் பெரும்பகுதியைக் கழிக்கும் இடத்தைக் கற்கும் இடமாகவும் ஆக்கிக்கொள்ளலாகாதா? அதற்குத் தனிக் கட்டடமும் வேண்டா. மேலிடத்து உத்தரவும் வேண்டா. ஆறேழு பேர் மனமொத்துக் கூடினாலே போதும்.

இது புதிய யோசனையன்று. 1727ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில், அச்சுத் தொழில் புரிந்துவந்த பெஞ்சமின் பிராங்க்ளின் என்னும் இளைஞர், நண்பர் சிலரைச் சேர்த்துக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் கூடினார். அக்கூட்டத்தின் பயனாகவே 1731இல் அந்நகரில் சந்தா நூலகம் ஒன்று எழுந்தது. 1902இல் சுவீடன் நாட்டில் ஆஸ்கர் ஓல்சன் என்பவர் தொடங்கிய வாசிப்பு வட்டம், அந்நாடெங்கும் உழைக்கும் மக்களிடையே பரவியது. ஜப்பானில் 1962 முதற்கொண்டு, பேராசிரியர் இஷிகாவாவின் தூண்டுதலால், தொழிற்சாலைகளில் ஒரே இடத்தில் வேலை செய்வோர் சிறு சிறு வட்டங்களாகக் கூடித் தம் வேலையிலுள்ள குறைகளைத் தாமே ஆராயலாயினர். அம்முறை 1980இல் ஐதராபாத்திலுள்ள பாரத மிகுமின் தொழிற்சாலையின் வழியே நம் நாட்டிற்கும் வந்தது.

நாம் பணிபுரியும் இரயில்வே காரியாலயத்தில் சில ஆண்டுகளாக இத்தகைய வட்டம் ஒன்று நடந்துவருகிறது. செவ்வாய்க்கிழமைதோறும் மத்தியான உணவுக்குப் பின் அரைமணி நேரம்; கூடுவோர் எழுவர். தமிழர் இருவர், ஏனையோர் மராத்தியரும் பீகாரிகளும். நம்மவரே தனித்துக் கூடியிருந்தால் ஊர்ப்பேச்சில் பொழுது போயிருக்கும். பலரும் கலந்திருப்பதால் ஒருவரிடம் இல்லாத பொருள் மற்றவரிடம் கிடைக்கிறது.

2020ஆம் ஆண்டில் இரயில்வே ஊழியரின் பாஸ் கணினி வழியே பெறும்படி மாறியது. முப்பது ஆண்டுகள் காகிதத்தில் எழுதிப் பழகிய மூத்தோர் அதைக் கண்டு மருண்டனர். இளைஞர் இருவர் கைப்பேசியை வைத்துக்கொண்டு அதனைக் கற்பித்தனர். அம்மூத்தோரோ, எந்த விதி எந்த நூலில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை இளைஞருக்குக் காட்டினர். ஒரு பெரியவர் ஓய்வு பெறும் நாளில் மாலையும் சால்வையும் மட்டுமா வெளியேறுகின்றன? அவர் தலைக்குள் இருக்கும் அனுபவமும் அல்லவோ உடன் சென்றுவிடுகிறது! அதைக் கேட்டு வைத்துக்கொள்ள இவ்வட்டம் உதவுகிறது. மத்திய அரசு ஊழியருக்குரிய பிரபோத் என்னும் இந்திப் பரீட்சைக்கு நாம் ஆயத்தமானதும் இங்கேதான்.

எனினும் இவ்வட்டத்தின் முழுப் பயனையும் 2025இல்தான் உணர்ந்தோம். 2004க்குப் பின் வேலையில் சேர்ந்தோர், தேசிய ஓய்வூதியத் திட்டத்திலேயே நீடிப்பதா, அவ்வாண்டு ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்திற்கு மாறுவதா என்று தெரிவிக்க வேண்டியிருந்தது. 25 ஆண்டுப் பணி முடித்தவருக்கு, கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி என்பதே எல்லோர் வாயிலும் இருந்தது. சுற்றறிக்கையை வரிவரியாக வாசித்தபோதுதான், 25 ஆண்டுகள் நிறையாதவருக்கு விகிதப்படி குறையும் என்பது தெளிவாயிற்று. தந்தை பணியில் இறந்தமையால் 38ஆம் வயதில் வேலை பெற்ற நண்பர் ஒருவருக்கு 22 ஆண்டுகளே சேரும். கணக்கிட்டால் பாதி அன்று, நூற்றுக்கு 44. திரண்ட நிதி, மனைவியின் வயது, மக்களின் படிப்பு ஆகியவற்றையும் வைத்து ஒவ்வொருவரும் ஆலோசித்தனர். முடிவுகள் வேறுபட்டன. ஆனால் பிறர் சொல்லை மட்டும் நம்பிக் கையெழுத்திட்டவர் எங்களுள் ஒருவருமில்லை.

இத்தகைய வட்டம் நிலைத்திருக்கச் சில நெறிகள் வேண்டும். பதின்மருக்கு மேற்பட்டால் அது சொற்பொழிவு மேடையாகிவிடும்; கூச்சமுள்ளவர் வாய் திறவார். நாளும் நேரமும் மாறலாகாது. தலைவர் என்று ஒருவர் வேண்டா; வாரம் ஒருவர் முறைவைத்து வாசிக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு கேள்வியே போதும். அறிந்ததைக் குறித்து வைக்க நோட்டுப்புத்தகம் ஒன்று இருத்தல் நலம். எல்லாவற்றினும் முக்கியமானது, கேட்பவரை நகையாமை. ‘இதுகூடத் தெரியாதா?’ என்னும் ஒரு சொல், ஓராண்டு உழைப்பை ஒரு நொடியில் குலைத்துவிடும். உத்தியோகத்தில் மேல் கீழ் என்னும் பேதமும் அந்த அரைமணி நேரத்திற்கு வாயிற்படிக்கு வெளியே நிற்க வேண்டும். கோப்பு சுமக்கும் சேவகர் கேட்கும் கேள்வியே சில நாட்களில் மிக நுட்பமானதாக அமைந்துவிடுகிறது.

வங்கியிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் தொழிற்சாலையிலும் பணிபுரியும் நம் சங்கத்து அன்பர்களும் சகோதரிகளும் இதனை முயன்று பார்க்க வேண்டுகிறோம். உற்றார் உறவினரை விட்டு வந்த ஊரில், ஐயம் வந்தால் கேட்பதற்கு ஆள் இருப்பது சிறிய பாக்கியமன்று. அடுத்த வாரமே, இருவரை அழைத்து, ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்.