கூட்டு நடவடிக்கை: யாரோடு யார் கூட்டு?

'அண்டை நாடுகள் கைகோத்துக் கிளர்ச்சியாளர்களை ஒடுக்குகின்றன' என்கிற வாக்கியத்தில் இரண்டே தரப்புகள்தான் உண்டு: அரசுகள், அவற்றின் எதிரி. நடுவே ஊர் என்று ஒன்று இருப்பதை அந்த வாக்கியம் விழுங்கிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள உகாண்டாவின் 'ஆண்டவரின் எதிர்ப்புப் படை'யின் கதையைக் கொஞ்சம் கறாராகப் பார்க்கவேண்டும்.

1986இல் யோவேரி முசேவேனி ஆட்சியைப் பிடித்ததும் வடக்கே அச்சோலி மக்களிடையே எழுந்த கிளர்ச்சிகளின் தொடர்ச்சியாக உருவானது ஜோசப் கோனியின் இந்தப் படை. பத்துக் கட்டளைகளின் ஆட்சி என்றார் கோனி. ஆனால் தன் சொந்த மக்களிடம் ஆதரவு வற்றியதும் அவர்களையே வெட்டினார். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சிப்பாய்களாக்கினார். அரசு என்ன செய்தது? 1996 முதல் மக்களைப் 'பாதுகாக்கப்பட்ட கிராமங்கள்' என்ற முகாம்களுக்கு விரட்டியது. 2005இல் அச்சோலிப் பகுதியில் எடுத்த ஆய்வொன்று, வாரத்துக்குச் சுமார் 1000 பேர் மிகையாகச் செத்துக்கொண்டிருந்ததாகக் கணக்கிட்டது. பெரும்பாலும் மலேரியாவாலும் பிற நோய்களாலும். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அங்கே வேறு அகராதி.

அண்டை நாடுகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன? தெற்குச் சூடான் விடுதலைப் படைக்கு உகாண்டா கைகொடுத்தது. பதிலுக்குச் சூடான் அரசு 1994 வாக்கில் கோனிக்கு ஆயுதமும் இடமும் கொடுத்தது. என் வீட்டுக் கலகக்காரனை நீ வளர்த்தால் உன் வீட்டுக்காரனை நான் வளர்ப்பேன், அவ்வளவுதான் கணக்கு. காங்கோவில் உகாண்டா ராணுவம் நடத்திய ஆக்கிரமிப்பையும் கொள்ளையையும் சர்வதேச நீதிமன்றம் 2005 டிசம்பரில் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. மூன்றே ஆண்டுகளில் அதே ராணுவம் காங்கோவின் விருந்தாளியாக வந்தது.

2006இல் தொடங்கிய ஜூபா பேச்சுவார்த்தை, இறுதி ஒப்பந்தத்தில் கோனி கையெழுத்திடாததால் 2008இல் முறிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று உகாண்டா, காங்கோ, தெற்குச் சூடான் படைகள் காங்கோவின் கரம்பா வனப் பூங்காவிலிருந்த கோனியின் முகாமைத் தாக்கின. அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் திட்டமிட உதவினார்கள். குண்டு விழுந்தபோது கோனி அங்கே இல்லை. சிதறிய குழுக்கள் என்ன செய்யும் என்பது தெரியாத விஷயமா? பழிவாங்கும் என்பதை இருபது வருஷ அனுபவம் சொல்லியிருந்தது. ஆனாலும் சுற்றுவட்டார ஊர்களைக் காக்க உருப்படியான ஏற்பாடு எதுவும் இல்லை. ஃபராஜே, டோருமா பகுதிகளில் கிறிஸ்துமஸுக்குக் கூடியிருந்தவர்களை வெட்டரிவாளாலும் கட்டையாலும் அடித்தே கொன்றார்கள். ஜனவரி முடிவதற்குள் 800க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

சரி, ஐ.நா. அமைதிப்படை எங்கே? காங்கோவில் அதற்கு ஆயிரக்கணக்கில் வீரர்கள் இருந்தார்கள். ஆனால் பெரும்பகுதி கிவு மாகாணங்களில். வடகிழக்கில் டுங்கு நகரிலும் அதைச் சுற்றியும் கொஞ்சம் பேர்தான். 2009 டிசம்பரில் மக்கோம்போ பகுதியில் 300க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்ட செய்தி வெளியுலகுக்கு விரிவாகத் தெரியவந்ததே 2010 மார்ச்சில்தான். 2012இல் ஆப்பிரிக்க ஒன்றியம் 5000 பேர் கொண்ட பிராந்தியப் படையை அறிவித்தபோது காங்கோ தன் மண்ணில் உகாண்டாப் படை நுழையக்கூடாது என்றது. கோனியோ சூடான் ராணுவத்தின் பிடியிலிருந்த காஃபியா கிங்கியில் பதுங்கியிருந்ததாகத் தகவல்கள் வந்தன. எல்லை அரசுகளுக்குச் சுவரானது, கோனிக்குக் கதவானது. 2017இல் அமெரிக்காவும் உகாண்டாவும் தேடுதலைக் கைவிட்டன. கோனி பிடிபடவில்லை.

இதில் எதிரி யார் என்ற கேள்வியும் இருக்கிறது. பள்ளிக்குப் போகும் வழியில் சிறுவனாகக் கடத்தப்பட்ட டொமினிக் ஓங்வென், தளபதியாகி, 2021இல் 61 குற்றங்களுக்காகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் 25 ஆண்டுத் தண்டனை பெற்றார். அவர் செய்த கொடுமைகளை இது மன்னித்துவிடாது. ஆனால் அந்தப் படையின் முகாமில் விழும் குண்டு யார்மீது விழுகிறது என்பதை ராணுவ வரைபடம் சொல்லாது.

உண்மையில் அந்தப் படையைக் கரைத்ததில் வேறு காரியங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 2000ஆம் ஆண்டுப் பொதுமன்னிப்புச் சட்டம். அச்சோலி மதத் தலைவர்கள் விடாமல் வற்புறுத்திய பேச்சு. குலு நகரின் வானொலியில் திரும்பிவந்தவர்களே பேசி, 'வீட்டுக்கு வா' என்று காட்டிலிருப்பவர்களை அழைத்த நிகழ்ச்சி. காங்கோ கிராமங்களில் தேவாலயங்களை ஒட்டி அமைந்த வானொலிக் கருவிகள் வழியாக, 'இந்தப் பக்கம் வருகிறார்கள்' என்று ஓர் ஊர் அடுத்த ஊருக்குச் சொன்னது. மூன்று ராணுவங்கள் திட்டத்தில் எழுத மறந்த வேலையை ஊர்கள் தமக்குள் செய்துகொண்டன.

கூட்டு நடவடிக்கை என்று எங்கே கேட்டாலும் நாம் முதலில் கேட்கவேண்டியது இதுதான்: குண்டு போடுவதற்கு முந்தின நாள், பக்கத்து ஊருக்கு யார் சொன்னார்கள்?