குகையில் வாழ்ந்த ஒற்றைக் கையன்

மெலிந்தாரைத் தாங்கும் பண்பு மனித குலத்தில் எப்போது தோன்றிற்று? எழுத்துக்கு முற்பட்ட காலத்துக்கு எலும்பே ஏடு.

ஈராக்கின் வடபால், சாகுரோசு மலைத்தொடரில் சானிதார் என்றொரு குகை உண்டு. அமெரிக்கத் தொல்பொருள் ஆய்வாளர் இரால்ப் சொலெக்கியின் குழுவினர் 1957-இல் அங்கே ஒரு நியாண்டர்தால் மனிதனின் எலும்புகளைக் கண்டெடுத்தனர். அவை ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

அம்மனிதன் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. இடக்கண்ணை அடுத்த எலும்பு அடிபட்டு நசுங்கியிருந்தது; அக்கண் பார்வை இழந்திருக்கக்கூடும். வலக்கை சூம்பி, முழங்கைக்கருகில் அற்றுப்போயிருந்தது. வலக்காலும் பழுது. வியப்பு என்னவெனில், இவையெல்லாம் ஆறிய காயங்கள்! அவற்றோடு அவன் பல்லாண்டு வாழ்ந்து, நாற்பது வயதை ஒட்டி மாண்டிருக்கிறான். அக்காலத்தில் அது முதுமையே.

வேட்டையாட இயலாதவனுக்கு உணவளித்தவர் யார்? சுற்றத்தாரே என்றனர் பலர். டெட்வைலர் என்னும் மானிடவியலார் 1991-இல் இதை மறுத்தார். ஊனமுற்றோன் பயனற்றவன் என்பது நம் காலத்தார் எண்ணம்; அவனும் குழுவுக்கு உழைத்திருக்கலாம்; எலும்பைக் கொண்டு இரக்கத்தை அளக்க இயலாது என்பது அவர் வாதம். நேர்மையான தடையே. அவனுடைய முன்பற்கள் மிகத் தேய்ந்திருப்பதும், இழந்த கைக்கு ஈடாகப் பல்லால் அவன் வேலை செய்தான் என எண்ண இடந்தருகிறது.

ஆயின் 2017-இல் திரிங்காசு, வில்லோத்து ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு அக்கேள்வியை மீண்டும் எழுப்பிற்று. அவன் காதுத் துளைகளில் எலும்பு வளர்ந்து அடைத்திருந்தது, செவியும் கேளாது. பின்னால் வரும் விலங்கின் ஓசை அறியாத ஒற்றைக் கையன் தனித்து எங்ஙனம் பிழைத்தான்? சோறூட்ட ஒருவரும் இல்லையெனினும், அவனுக்குக் காவலாகவேனும் சிலர் அருகில் இருந்திருத்தல் வேண்டும்.