பச்சை விளக்குகளால் மட்டும் புகை குறையுமா? டொரொன்டோவின் அனுபவம்

போக்குவரத்துச் சமிக்ஞை விளக்குகளை மையக் கணினி ஒன்றின் மூலம் இயக்கிய உலகின் முதல் நகரம் என்ற பெயர் கனடாவின் டொரொன்டோவுக்கு உண்டு. வியன்னாவில் பிறந்து கனடாவில் குடியேறிய பொறியியலாளர் ஜோசப் கேட்ஸின் நிறுவனம் வகுத்த அந்த அமைப்பு, 1963ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கியது.

நெரிசலைக் குறைப்பதே அதன் நோக்கம். இன்று அதே கேள்வி, எரிபொருளையும் புகையையும் குறைப்பது எப்படி என்பதாக விரிந்துள்ளது.

நிற்பதும் புறப்படுவதும்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. சீரான மிதவேகத்தில் செல்லும் கார் குறைவாகவே எரிபொருளைச் செலவிடும். ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் வாகனத்தின் இயக்க ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. மீண்டும் வேகம் பெறக் கூடுதல் எரிபொருள் தேவை. எனவே, அடுத்தடுத்த சந்திப்புகளில் பச்சை விளக்கு கிடைத்தால் செலவு குறையும்.

டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் சமா எல்-தந்தாவி, பஹேர் அப்துல்ஹாய் உள்ளிட்ட ஆய்வாளர்கள், அண்டைச் சந்திப்புகளுடன் தகவல் பரிமாறித் தாமாகவே கற்றுக்கொள்ளும் சமிக்ஞை முறையை உருவாக்கினர். நகர மையத்தின் 59 சந்திப்புகளைக் கணினியில் பாவனை செய்து பார்த்ததில், காலை நெரிசல் நேரத்தில் சந்திப்புகளில் ஏற்படும் சராசரித் தாமதம் 27 முதல் 39 சதவீதம் வரை குறைந்ததாக 2013இல் அவர்கள் தெரிவித்தனர்.

மீண்டும் நிரம்பும் சாலைகள்

ஆனால் இந்தச் சேமிப்பு நிலைத்து நிற்குமா என்பதுதான் சிக்கல். பயணம் எளிதாகும்போது, முன்பு காரை வீட்டிலேயே விட்டவர்களும் எடுத்து வரத் தொடங்குகின்றனர்.

அப்போது டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பொருளியல் அறிஞர்கள் ஜில் துராந்தோன், மேத்யூ டர்னர் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதையொட்டியது. அமெரிக்க நகரங்களில் நெடுஞ்சாலைகளின் நீளம் கூடிய அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடியதாக அது கண்டறிந்தது. பொதுப் போக்குவரத்தை விரிவாக்கியதால் வாகன ஓட்டம் குறைந்தது என்பதற்கும் அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. நெரிசலுக்குக் கட்டணம் விதிப்பதையே அவர்கள் தீர்வாகச் சுட்டினர்.

சிங்கப்பூர் 1975 முதலே அத்தகைய கட்டணத்தை வசூலிக்கிறது. ஸ்டாக்ஹோமில் கட்டணம் வந்த பின்னர், நகர மைய எல்லையைக் கடக்கும் வாகனங்கள் சுமார் 20 சதவீதம் குறைந்தன.

இரு முடிவுகள்

டொரொன்டோ மாநகர சபையும் தனது இரு விரைவுச் சாலைகளில் சுங்கம் வசூலிக்க 2016 டிசம்பரில் ஆதரவாக வாக்களித்தது. ஆனால், ஒன்டாரியோ மாகாண அரசு 2017 ஜனவரியில் அதற்கு அனுமதி மறுத்தது.

அதே 2017இன் நவம்பரில் நகரம் வேறொரு வழியைச் சோதித்தது. நகர மையத்தின் கிங் வீதியில், பெரும்பாலான சந்திப்புகளில் தனியார் கார்கள் நேராகச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. டிராம் வண்டிகளுக்கு முன்னுரிமை கிடைத்தது. வார நாட்களில் அவற்றின் பயணிகள் எண்ணிக்கை சுமார் 72,000இலிருந்து 84,000ஆக உயர, 2019இல் இந்த ஏற்பாடு நிரந்தரமாக்கப்பட்டது.

தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்காபரோ பகுதிக்கு இந்த விவாதம் அந்நியமானதல்ல. அங்கு ஓடிய இலகு ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டதை அடுத்து, அந்தச் சேவை நிரந்தரமாக மூடப்பட்டது. அதன் பயணிகள் பேருந்துகளுக்கு மாற்றப்பட்டனர். கார்களுடன் ஒரே சாலையைப் பகிரும் பேருந்தும் நெரிசலில் சிக்கும். அதில் வெறுப்புற்றுக் காருக்கு மாறுபவர் அந்த நெரிசலை மேலும் கூட்டுவார்.

விளக்குகளைச் சீரமைப்பது ஒவ்வொரு காரின் எரிபொருளையும் மிச்சப்படுத்தலாம். அதனால் கிடைக்கும் சாலை இடம் மேலும் கார்களுக்கா, பேருந்துக்கும் டிராமுக்குமா என்பதைக் கணினி தீர்மானிக்காது. அது அரசியல் முடிவு. நகரின் புகை குறைவதும் பெருமளவில் அதையே பொறுத்திருக்கிறது.