மதியத்தில் ஒரு மணி நேரம்

உத்தியோகம் பார்ப்போருக்கு எசமானர் இருவர். பகலிலே காரியாலயம், மாலையிலே குடும்பம். இவ்விரண்டிற்குமிடையே எவருக்கும் கணக்குக் காட்டவேண்டாத நேரம் ஒன்று உண்டென்றால், அது மதியபோசன இடைவேளைதான். நம் நாட்டிலே 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இவ்விடைவேளையை ஊழியரின் உரிமையாகவே ஆக்கியிருக்கின்றது. உரிமையாகப் பெற்றதை நாம் என்ன செய்கின்றோம்? சோற்றுப் பார்சலை அவிழ்த்து உண்டு முடிக்கப் பத்து நிமிடம் செல்லும். கை கழுவியபின் எஞ்சும் பொழுதிலேதான் வில்லங்கம். சிலர் மேசைமீது தலைசாய்த்து உறங்குகின்றனர். (அவர்களை நாம் குறைகூறமாட்டோம். விடியுமுன் எழுந்து புகையிரதம் பிடித்து வருவோருக்கு அத்துயில் அமிர்தமன்றோ!) சிலர் மேலதிகாரியின் குணாதிசயங்களை ஆராய்கின்றனர். இந்நாளிற் பெரும்பாலோர் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்க, இடைவேளை கழிந்துவிடுகின்றது. என்ன பார்த்தீர்கள் என்று வினவினால் அவர்களுக்கே நினைவிருப்பதில்லை.

இதே ஒரு மணி நேரத்தை வேறொரு நகரத்தார், அதுவும் உயிருக்கே உத்தரவாதமற்ற காலத்தில், எவ்வாறு கழித்தனர் என்பதை வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம். அந்நகரம் யுத்தகால லண்டன்.

1939ஆம் ஆண்டு செப்டெம்பரிலே யுத்தம் மூண்டதும் நாடகசாலைகளும் படமாளிகைகளும் சங்கீத மண்டபங்களும் அரசாங்க உத்தரவினால் மூடப்பட்டன. இரவிலே நகரெங்கும் விளக்கணைப்பு. திரபல்கார் சதுக்கத்திலுள்ள தேசிய ஓவியக்கூடத்தின் சித்திரங்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டன, வெறுஞ்சுவர்களே எஞ்சின. அவ்வேளையிற் புகழ்பெற்ற பியானோ மேதையாகிய மைரா ஹெஸ் அம்மையார், அக்கூடத்தின் அதிபர் கெனத் கிளார்க்கை அணுகி, இவ்விடத்தில் இடையிடையே கச்சேரி வைக்கலாமா எனக் கேட்டார். நாள்தோறும் வைத்தாலென்ன என்றார் அதிபர். இரவில் வெளியே நடமாடுதல் இயலாது. ஆகவே பகல் ஒரு மணி, காரியாலயங்கள் உணவுக்காகக் கலையும் நேரம், தெரிவுசெய்யப்பட்டது. கட்டணம் ஒரு ஷில்லிங்.

முதற் கச்சேரி 1939 ஒக்டோபர் 10ஆந் திகதி நடந்தது. அம்மையார் தாமே வாசித்தார். நண்பர்கள் சிலர் வரக்கூடும் என்று எதிர்பார்த்திருக்க, ஏறக்குறைய ஆயிரம் பேர் வந்து குவிந்தனர்! எழுதுவினைஞர், தட்டெழுத்தாளர், சீருடை அணிந்த போர்வீரர் ஆகியோர் ஆசனங்கள் நிறைந்தபின் தரையிலும் அமர்ந்து கேட்டனர். உணவு பங்கீட்டில் இருந்த அக்காலத்தில் தொண்டர்களாகிய பெண்மணிகள் அங்கேயே சிற்றுண்டிச்சாலை நடத்தினர். தேனும் உலர்ந்த முந்திரிகையும் வைத்த அவர்களுடைய சாண்ட்விச் சங்கீதத்திற்கு நிகராகப் பெயர்பெற்றது. பசியாறாதவனுக்குச் செவிச்செல்வம் எட்டாது என்பதை அப்பெண்மணிகள் அறிந்திருந்தனர் போலும். வாசித்தவர்களுக்கும் வேற்றுமை காட்டப்படவில்லை. பேர்போன வித்துவானாயினும் புதியவராயினும் சன்மானம் ஐந்து கினிதான்.

வாசிக்கப்பட்ட இசை யாருடையது? பாஹ், பீதோவன், மோசார்ட், சூபர்ட் முதலியோருடையது. பகைவனின் மொழியைப் பேசிய மேதைகளின் இசை! மைரா ஹெஸ்ஸோ யூதக் குடும்பத்திற் பிறந்தவர். ஹிட்லரின் விமானங்கள் நகரைத் தகர்த்துக்கொண்டிருக்க, பீதோவனை ஹிட்லரின் சொத்தென ஒப்புக்கொள்ள அங்கே கூடியவர்கள் மறுத்துவிட்டனர். மேடைப் பிரசங்கம் எதுவுமின்றியே இது நிகழ்ந்தது என்பதுதான் எமக்கு வியப்பளிக்கின்றது.

1940இன் இறுதி மாதங்களிற் குண்டுவீச்சு உக்கிரமாயிற்று. கச்சேரி நிலவறைக்கு இறங்கியது, நிற்கவில்லை. ஒக்டோபரிலே வெடிக்காத குண்டொன்று கட்டிடத்தினுள் இருப்பது தெரியவந்தது. கச்சேரியைத் தூரத்து அறையொன்றுக்கு மாற்றினர். பீதோவனின் நால்வர் இசை நடந்துகொண்டிருக்கையில் அக்குண்டு வெடித்தது. வாசித்தவர்கள் தாளம் தப்பவிடவில்லை.

இக்கச்சேரிகள் 1946 ஏப்ரில் 10ஆந் திகதி முடிவுற்றன. ஆறரை ஆண்டுகளில் 1,698 கச்சேரிகள்; வந்து கேட்டோர் 824,152 பேர்.

இதனோடு ஒட்டிய இன்னொரு செய்தி எம்மை இன்னும் கவர்கின்றது. 1942ஆம் ஆண்டிலே, வெறுஞ்சுவர்களைப் பார்த்துச் சலித்த மக்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, வேல்ஸ் நாட்டுக் கற்சுரங்கத்திற் பாதுகாக்கப்பட்ட ஓவியங்களுள் மாதம் ஒன்றைக் கொணர்ந்து காட்சிக்கு வைத்தனர். ஒன்றே ஒன்று! நூற்றுக்கணக்கான சித்திரங்களிடையே விரைந்து நடந்தவர்கள் இப்போது ஒன்றின்முன் நெடுநேரம் நின்றனர்.

மதிய இடைவேளைக்கு இம்முறையே மிகவும் பொருந்தும் என்பது எம் எண்ணம். பத்துப் பாட்டுகளின் தொடக்கத்தைக் கேட்பதை விட்டு, ஒரு கீர்த்தனையைப் பல்லவி முதல் சரணம் வரை கேட்கலாம். கல்லூரி மாணவர் ஒரு சிறுகதையை முழுமையாக வாசிக்கலாம். கொழும்புக் கோட்டையிற் பணிபுரிவோர் சதாம் வீதியின் முனைவரை நடக்கலாம். அங்கே நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் எழுப்பப்பட்டது. அதனை வரைந்தவர் தேசாதிபதி சேர் ஹென்றி வாட்டின் மனைவி என்பது பலருக்குத் தெரியாது. பின்னர் அதன் உச்சியில் விளக்கேற்றி வெளிச்சவீடும் ஆக்கினர். சுற்றிலும் கட்டிடங்கள் உயர்ந்து ஒளியை மறைத்தமையால் 1952இல் அவ்விளக்கு ஓய்வுபெற்றது. நாளை திங்கட்கிழமை. சோற்றுப் பார்சலை முடித்தபின் ஒருமுறை சென்று அண்ணாந்து பாருங்கள். வெயில் கடுமை, குடையை மறக்கவேண்டாம்.