சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு: நன்மையும் அபாயமும்

சினைமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே ஒரு கண்ணாடிக் கலத்தில் சேர்த்து, அங்கு உருவாகும் கருவைக் கருப்பையில் வைப்பதே சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு எனப்படுவது. இம்முறையில் உலகின் முதற் குழந்தை 1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாளே, டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயரின் முயற்சியால் கல்கத்தாவிலும் இவ்வாறு ஒரு குழந்தை பிறந்தது.

கருக்குழாய் அடைபட்ட பெண்களுக்கு இச்சிகிச்சை பெரிதும் பயன்படுகிறது. நம் நாட்டில் அவ்வடைப்புக்குக் காசநோயும் ஒரு காரணமாகும். விந்தணு குறைந்த ஆண்களுக்கோ, ஒரே விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் முறை 1992 முதல் வழி திறந்துள்ளது.

எனினும், இதில் அபாயங்களும் உள. பல முட்டைகள் ஒருங்கே முதிர்வதற்காக இடப்படும் ஊசிமருந்தால், சிலருக்குச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும். அது கடுமையாயின் உயிருக்கே ஆபத்தாகும். இதனினும் பரவலான அபாயம், இரண்டு மூன்று கருக்களை ஒருசேர வைப்பதால் நேர்வது. ஒற்றையாகப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே குறைமாதத்தில் பிறக்கிறது. இரட்டையரிலோ ஏறத்தாழப் பாதிப்பேர் அவ்வாறு பிறக்கின்றனர். தாய்க்கும் இரத்த அழுத்தம் மிகும்.

அவ்வாறாயின் இரண்டு கருக்களை வைப்பது ஏன்? ஒரு முறைக்கே பெருஞ்செலவு ஆவதால், அம்முறையிலேயே பலன் காண வேண்டும் என்னும் தவிப்பே காரணம். ஆனால் ஒரு கருவை இப்போது வைத்து, மற்றதை உறையவைத்துப் பின்னர் வைத்தாலும், குழந்தை பெறும் வாய்ப்பு ஏறக்குறைய அதே அளவினதே என ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆகவே, இரட்டைக் கருவால் கிட்டுவது பெரும்பாலும் காலச் சுருக்கமே. அதற்குரிய விலையைத் தாயும் சேயும் செலுத்த நேரிடலாம்.

சிகிச்சை பெறுவோரில் பெரும்பான்மையோர் முதல் முறையிலேயே குழந்தை பெறுவதில்லை என்பதையும் மறைத்தலாகாது. முப்பத்தைந்து வயதுக்குப்பின் முட்டையின் தரம் விரைந்து குறைகிறது. அதனை எந்தச் சிகிச்சையாலும் மீட்க இயலாது.

ஆதலின், ஊழியர்களும் ஆசிரியர்களும் தம்மிடம் ஆலோசனை கேட்போரிடம் சில செய்திகளைத் தெளிவாகக் கூறுதல் நலம். முதலில் கணவன், மனைவி இருவரும் பரிசோதிக்கப்பட வேண்டும். குறையைப் பெண்மீது மட்டும் சுமத்துதல் அறியாமை. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவமனையிலேயே இச்சிகிச்சை நடைபெற வேண்டும். பெண்ணுக்கு 21 முதல் 50 வரையும், ஆணுக்கு 21 முதல் 55 வரையும் வயது வரம்பு உண்டு. ஆணா பெண்ணா எனக் கருவைத் தேர்ந்தெடுத்தல் குற்றமாகும். எத்தனை கருக்கள் வைக்கப்படும், எஞ்சியவை என்னாகும், மொத்தச் செலவு எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை பெற்ற பின்னரே தம்பதியர் ஒப்பமிடுதல் வேண்டும்.