வீட்டு வாசலில் – 9: கூடமாட என்றொரு சொல்

பாஞ்சாலங்குறிச்சியில், 1974-ல் எழுப்பப்பட்ட நினைவுக் கோட்டைக்கு அருகே, தூத்துக்குடிப் பேருந்துக்காகக் காத்திருந்த ஓர் ஆச்சியிடம் அவர் பார்க்கும் உத்தியோகத்தைப் பற்றி விசாரித்தேன். "பிள்ளை பாக்குற வேலைதான்யா" என்று முதலில் சுருக்கமாகச் சொன்னவர், பேருந்து வரத் தாமதமாகவே, விரல்களை மடக்கி அதன் விஸ்தாரத்தை விளக்கலானார்.

"பிள்ளைய மட்டும் பாத்துக்கிட்டாப் போதும்னாக. மறுவாரம், கூடமாட ரெண்டு ஏனம் கழுவச் சொன்னாக. பொறவு தரை தொடைக்க, மாவாட்ட, எல்லாம் வந்திருச்சு. அந்நேரம் பிள்ள அழுதா, எங்க போயிட்டேன்னு சத்தம்."

கூடமாட என்னும் இச்சொல்லுக்கு அளவும் இல்லை, கூலியும் இல்லை. கும்பினியார் கேட்ட கிஸ்தியை மறுத்து நின்றவரின் ஊரில், கேட்பதற்கும் ஒரு வரம்பு உண்டு என்ற வழக்கு புதிதன்று என்று எண்ணிக்கொண்டேன்.

நம் முன்னோர் ஒரு குழந்தைக்கு ஐவகைத் தாயரை வகுத்தார்கள். நீராட்டுபவள் ஒருத்தி, ஊட்டுபவள் ஒருத்தி, தாலாட்டி உறங்க வைப்பவள் ஒருத்தி, மழலைக்குச் சொல் பயிற்றுபவள் ஒருத்தி, இடுப்பில் ஏந்தித் திரிபவள் ஒருத்தி. இது செல்வர் மாளிகையின் வழக்கம் என்று தள்ளிவிட்டாலும், ஏந்தித் திரிவதையே தனியொரு பணியாக எண்ணிய அந்த நுட்பம் வியக்கத்தக்கது. ஒரு வயதுக் குழந்தை ஏறக்குறைய ஒன்பது கிலோவும், இரண்டு வயதுக் குழந்தை பன்னிரண்டு கிலோவும் இருக்கும். தண்ணீர்க் குடத்தையாவது வீடு வந்ததும் இறக்கி வைத்துவிடலாம். இந்தக் குடமோ இறக்கியவுடன் அழும். மாடி வீட்டுக்கு ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணை அமர்த்துகிறவர்கள், அவருடைய முழங்கால் ஒரு நாளைக்கு எத்தனை முறை படியேறச் சம்மதிக்கும் என்பதைச் சம்பளம் பேசும்போதே கேட்டுவிடுவது உத்தமம்.

பிள்ளையின் துணி, பால் புட்டி, கஞ்சிக் கிண்ணம், தொட்டில், அது இறைத்த சாமான்கள் ஆகியவை பிள்ளையைச் சேர்ந்தவை. அவற்றைக் கவனிப்பது பிள்ளை பார்ப்பவர் கடமை என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. பெரியவர்களின் துணியும் ஏனமும் வேறு வேலை. அதற்கு வேறு ஆள், அல்லது வேறு கூலி. பிணக்கு மிகுதியும் பிறப்பது பிள்ளை தூங்கும் இரண்டு மணி நேரத்திலேதான். சும்மாதானே இருக்கிறாள் என்று வீட்டார் நினைக்கும் அப்பொழுதில்தான் அவர் தூக்குவாளிச் சோற்றை உண்ண வேண்டும். உண்ணும்போதும் காது தொட்டிலில் இருக்கும். மிக்ஸியின் இரைச்சலில் அந்தக் காதுக்கு வேலையில்லை.

தூத்துக்குடிக் கரையிலிருந்து கப்பலேறி இலங்கைக்குப் போன நம்மவர் கண்ட தேயிலைத் தோட்டங்களில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் குழந்தைகளை விட்டுச் செல்லப் பிள்ளைக் காம்பரா என்று ஓரிடம் உண்டு. தோட்ட வாழ்வின் கொடுமைகளை மறந்து இதைப் போற்ற நான் வரவில்லை. ஆயினும் அங்கே ஆயாம்மாவின் வேலைக்கு நான்கு சுவர் இருந்தது. துரை பங்களாவின் சமையல்கட்டு அதற்குள் நுழையவில்லை. வீட்டுக்குள் வேலை செய்கிறவருக்கு அந்தச் சுவரைச் சொல்லால்தான் எழுப்ப வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2011-ல் நிறைவேற்றிய 189-ஆவது உடன்படிக்கை, செய்ய வேண்டிய வேலை இன்னதென்று பணியாளருக்கு விளங்கும்படி, இயன்றவரை எழுத்து மூலமாகவே தெரிவிக்கச் சொல்கிறது. இந்தியா இன்னும் அதனை ஏற்று உறுதி செய்யவில்லை. தமிழகத்தில் 2007-ல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் ஏற்பட்டது.

இவற்றை இயன்றவரை எளிதாக எடுத்துச் சொன்னேன். ஆச்சி பொறுமையாகக் கேட்டார்.

"அதுல மாவாட்டுறது எந்தப் பக்கம்னு போட்டிருக்காய்யா?"

நான் விடை தேடுவதற்குள் பேருந்து வந்துவிட்டது. கைப்பிடியைப் பற்றி, வலது காலை முதலில் படியில் ஊன்றி, இடது காலைக் கையால் தூக்கி வைத்து ஏறினார்.

(தொடரும்)